மூன்றாம் நாள் மாலை

கனியைப் பிழிந்து சாறெடுத்த மனிதன் அந்த நாளிலேயே ஒரு கேள்வியையும் எதிர்கொண்டிருப்பான். இதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதே அக்கேள்வி. தானியத்தைக் குதிரில் இட்டு வைத்தால் அடுத்த விளைச்சல் வரை தாங்கும். மீனை உப்பிட்டுக் காய வைத்தால் மாதக் கணக்கில் நிற்கும். சாறோ அப்படிப்பட்டதன்று. பிழிந்த மறுகணமே அது மாறத் தொடங்குகிறது. இன்று இனிப்பு, நாளை நுரை, பிறகு மயக்கம், இறுதியில் புளிப்பு. ஒரே சாடியில், ஒரே சாறு, காலத்தின் கைபட்டு நான்கு வேறு பொருள்களாக உருமாறுகிறது.

மேலை நாட்டார் இக்கேள்வியை மதுவின் பக்கம் நின்று கேட்டனர். எந்த மதுவை எத்தனை ஆண்டு காத்திருந்து அருந்தினால் சுவை மிகும் என்பது அவர்களின் ஆராய்ச்சியாயிற்று. நம் முன்னோர் அதே கேள்வியை மறுபக்கம் நின்று கேட்டனர். இந்தச் சாறு எந்த நாழிகை வரை ஆகுமானது, எந்த நாழிகையில் விலக்கப்பட்டதாகிறது என்பது அவர்களின் கவலையாயிற்று. இரு சாராரின் நோக்கமும் கிழக்கும் மேற்கும் போன்றது. ஆயினும் இருவரும் ஆராய்ந்த பொருள்கள் ஒன்றே: பாத்திரம், வெப்பம், காற்று, காலம். மது விலக்கப்பட்ட சமுதாயத்தார்க்கு மதுவின் வரலாற்றோடு என்ன தொடர்பு என்று வினவுவோர் உளர். இந்நான்கின் வரலாற்றை அறியாமல் நம் சட்ட நூல்களில் பானங்கள் பற்றிய அத்தியாயத்தின் ஆழத்தை உணர முடியாது என்பதே நம் விடை.

சாறு மாறும் விதம்

திராட்சையின் தோலிலும், பழத்தோட்டத்தின் காற்றிலும், சாறு பிழியும் தொட்டியிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஈஸ்ட் என்று வழங்கும் இவை சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, அதனை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கின்றன. நுரை பொங்குவது அந்த வாயுவினால். மயக்கம் வருவது அந்த ஆல்கஹாலினால். இந்த மாற்றம் முடிந்த பின்பும் சாடியினுள் காற்றுப் புகுமானால் வேறொரு வகை நுண்ணுயிர் வேலையைத் தொடங்குகிறது. அது ஆல்கஹாலைப் புளிப்பு அமிலமாக மாற்றுகிறது. அப்போது மது காடியாகிறது.

ஆக, மது என்பது சாற்றின் முடிவான நிலையன்று. சாற்றுக்கும் காடிக்கும் இடையே உள்ள ஒரு தங்குமிடம் மட்டுமே. அந்தத் தங்குமிடத்தில் அதனை நெடுநாள் நிறுத்தி வைக்க முயன்றதுதான் மதுவைச் சேமித்தவர்களின் வரலாறு. அந்த இடத்தை அது எட்டாதபடி தடுக்க முயன்றது மற்றொரு வரலாறு. இரண்டையும் ஒருசேரப் பார்ப்போம்.

சாடிகளின் காலம்

காக்கேசிய மலைப்புறத்து ஜார்ஜியா நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மண்சாடிகளில் திராட்சை மதுவின் தடயம் இருப்பதை ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈரானின் வடமேற்கே ஹாஜி ஃபீரூஸ் மேட்டில் கிடைத்த ஏழாயிரம் ஆண்டுக்கு முந்திய சாடிகளிலும் அதே தடயம் உண்டு. அதனுடன் ஒருவகை மரப் பிசினும் கலந்திருந்தது. அந்தப் பிசின் மது காடியாகாமல் காக்கச் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளரின் கருத்து. சேமிப்பின் கவலை மதுவைப் போலவே பழைமையானது என்பதற்கு இது சான்று.

எகிப்தின் இளம் மன்னன் தூத்தன்காமுன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவன். 1922ஆம் ஆண்டில் அவனது கல்லறை கண்டெடுக்கப்பட்டபோது அதில் மதுச் சாடிகளும் இருந்தன. அச்சாடிகளின் மேல், மன்னனின் எந்த ஆட்சியாண்டில், எந்தத் தோட்டத்தில், எந்தத் தலைமைப் பணியாளனின் பொறுப்பில் அது உருவானது என்று எழுதப்பட்டிருந்தது. பொருளின் மீது அதன் பிறந்த ஆண்டை எழுதி வைக்கும் வழக்கம் இன்றைய தொழிற்சாலைகளின் கண்டுபிடிப்பன்று என்பதை அச்சாடிகள் சொல்கின்றன.

உரோமானியர் இக்கலையை ஒரு பெருமையாகவே வளர்த்தனர். அம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உட்புறத்தில் பைன் மரத்துக் கீலைப் பூசி, வாயை அடைத்து, மாடத்தின் மேல்தளத்தில் புகைபடும்படி அடுக்கி வைத்தனர். அந்த வெப்பத்தில் மது விரைவில் முதிரும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஃபலேர்னிய மது பத்தாண்டுக்குப் பின் அருந்தத்தக்கது, பதினைந்து முதல் இருபது ஆண்டு வரை சிறந்தது என்று மருத்துவர் காலன் கூறியதாகப் பழைய நூல் உரைக்கிறது. கி.மு. 121இல் ஒப்பீமியஸ் என்பார் ஆட்சித் தலைவராக இருந்த ஆண்டின் மதுவோ காப்பியப் புகழ் பெற்றது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், அந்த மது தம் காலத்திலும் இருந்ததாக எழுதினார். ஆனால் அது எந்த நிலையில் இருந்தது? கசப்பான தேன்போல் இறுகி, தனியே அருந்த இயலாததாய், பிற மதுவுக்குச் சிறிது சேர்க்கும் பொருளாய் மட்டுமே எஞ்சியிருந்தது. இருநூறு ஆண்டுக் காத்திருப்பின் பலன் அவ்வளவே.

செல்வர் வீட்டுக் கதையாகும் இது. சாமானிய உரோமானியன் அருந்திய மது அடுத்த கோடையைத் தாண்டுவதே அரிது. அவர்களுடைய சட்ட அறிஞர் உல்பியன், "பழைய மது" என்ற சொல்லுக்கு முந்திய ஆண்டின் மதுவும் பொருந்தும் என்று விளக்க நேர்ந்ததிலிருந்தே இதனை உணரலாம்.

அந்தச் சாடிகள் நம் கரைக்கும் வந்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழ்வாய்வில் அம்போராக்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று குறிப்பிடுகிறது. செங்கடலைக் கடந்து, பருவக்காற்றில் மிதந்து, மாதக்கணக்கில் வெயில் குடித்து வந்த சாறு கெடாமல் இங்கு சேர்ந்ததென்றால், கீல் பூசிய சாடியின் ஆற்றலை எண்ணிப் பார்க்கலாம்.

2019ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கார்மோனா நகரில் உரோமானியக் கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. அதிலிருந்த ஒரு கண்ணாடித் தாழியில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் செந்நிற நீர் நிரம்பியிருந்தது. அது கி.பி. முதலாம் நூற்றாண்டின் வெண்மதுவே என்று 2024இல் ஆய்வாளர் நிறுவினர். இரண்டாயிரம் ஆண்டுக்காலம் நீர்ம நிலையில் நிலைத்த மது அது. அதே தாழியில் எரியூட்டப்பட்ட ஒரு மனிதனின் எலும்புகளும் மூழ்கிக் கிடந்தன. உலகிலேயே மிகப் பழைய அந்த மதுவை அருந்த இன்று எவரும் முன்வரார்.

மதீனத்துத் தோற்பை

இனி அரபு நாட்டுக்கு வருவோம். மதீனாவில் திராட்சை அருமை, பேரீச்சையே பெருவளம். பழுத்ததும் பழுக்காததுமான பேரீச்சங்காய்களிலிருந்து செய்த பானமே அங்கு மிகுதியாக வழங்கியது என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். மது விலக்கின் கட்டளை கேட்டதும் அவர்கள் சாடிகளைக் கவிழ்த்த செய்தியும், மதீனத்து வீதிகளில் அது வழிந்தோடிய செய்தியும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தவை.

ஆனால் சாடிகள் கவிழ்ந்ததோடு தாகம் நின்றுவிடவில்லை. மதீனாவின் கிணற்றுநீரில் உவர்ப்பு இருந்த இடங்கள் உண்டு. பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் ஊறப்போட்டு, அதன் இனிமை இறங்கிய பின் அருந்துவது வழக்கம். நபீத் என்பது இதன் பெயர். ஊறிய பழநீர், கவனியாது விட்டால் மதுவாகிவிடும் என்பதே சிக்கல். எத்தனை நாழிகை வரை அது பழநீர்? எப்போது அது மது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்து வழக்கத்தை இரண்டு அறிவிப்புகள் நமக்குக் காட்டுகின்றன. இரண்டும் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளவை. தோற்பை ஒன்றில் தாம் ஊறப்போட்டு அதன் வாயைக் கட்டி வைத்ததாகவும், காலையில் இட்டதை மாலையிலும், மாலையில் இட்டதை மறுநாள் காலையிலும் நபியவர்கள் அருந்தியதாகவும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்போ, ஊறப்போட்டதை அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாள் மாலை வரையிலும் அருந்தியதாகவும், அதன் பிறகும் எஞ்சினால் பணியாளருக்குத் தந்ததாகவும் அல்லது கொட்டச் செய்ததாகவும் உரைக்கிறது.

ஓரிடத்தில் ஒருநாள், ஓரிடத்தில் மூன்று நாள். இது முரண்பாடா? ஹதீஸ் விரிவுரையாளர்கள் இதற்குத் தந்த விளக்கம் இன்றைய ஆய்வுக்கூடத்திலும் ஏற்கத்தக்கது. கடும் வெயிற்காலத்தில் ஒருநாளைக்கு மேல் வைத்தால் மாற்றம் நேரும் என்ற அச்சம் உண்டு. குளிர்காலத்தில் மூன்று நாள் வரை அந்த அச்சமில்லை. எனவே பருவத்துக்கேற்ப எல்லை மாறியது. மூன்றாம் நாள் மாலையில் பணியாளருக்குத் தருவதா, கொட்டுவதா என்ற வேறுபாட்டுக்கும் அவர்கள் காரணம் கண்டனர். மாற்றத்தின் குறி தென்படாவிட்டால் வீணாக்காமல் பிறருக்குத் தரப்பட்டது. குறி தென்பட்டால் கொட்டப்பட்டது. உண்ணும் பொருளை வீணாக்குவதும் குற்றம், ஐயத்துக்குரியதை அருந்துவதும் குற்றம் என்னும் இரு விளிம்புக்கிடையே வகுக்கப்பட்ட நேரிய பாதை இது.

பாத்திரங்களைப் பற்றிய கட்டளை இன்னும் நுட்பமானது. அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனா வந்தபோது நால்வகைப் பாத்திரங்களில் பழம் ஊறப்போடுவதை நபியவர்கள் விலக்கினார்கள். சுரைக்குடுக்கை, மெருகிட்ட பச்சை மண்சாடி, குடைந்த பேரீச்சைத் தண்டு, கீல் பூசிய பாத்திரம் ஆகியன அவை. இந்த நான்காவது பாத்திரத்தைக் கவனியுங்கள். உரோமானியர் மதுவைக் காக்கப் பயன்படுத்திய அதே கீல் பூச்சு! காற்றை உட்புகவிடாத பாத்திரத்தினுள் சாறு அமைதியாக மதுவாகிக் கொண்டிருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மெல்லிய தோற்பையோ அப்படியன்று. உள்ளே நொதிப்புத் தொடங்கினால் வாயு பெருகித் தோல் உப்பும். மேலும் முற்றினால் கிழியும். மறைவில் நடப்பதைத் தோற்பை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். இதனையே விரிவுரையாளர்களும் காரணமாகச் சொல்கின்றனர்.

பின்னர் மக்கள் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்த காலத்தில் பாத்திரத் தடை நீக்கப்பட்டது. எப்பாத்திரத்திலும் அருந்தலாம், போதை தருவதை மட்டும் அருந்தலாகாது என்ற நிலையான விதி நின்றது. தொடக்கத்தில் பாத்திரத்தைக் காட்டிப் பழக்கி, பின்பு பொருளின் தன்மையைக் காட்டி நிறுத்திய இந்தப் படிமுறை, சமுதாயத்தைச் சீர்திருத்த விரும்புவோர் ஆழ்ந்து கற்கத்தக்கது.

மூன்றில் ஒன்று

இஸ்லாம் ஷாம் நாட்டுக்குச் சென்றபோது சிக்கல் புது வடிவம் கொண்டது. அது திராட்சையின் நாடு. நிலத்தின் கடுமையையும் நோயையும் காட்டி, தங்கள் பானமின்றி உடல்நலம் பேண இயலாது என்று அந்நாட்டார் கலீபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டனர். தேனை அருந்துங்கள் என்றார்கள் உமர் (ரலி). தேன் எங்களுக்கு ஒத்துவரவில்லை என்றனர் மக்கள். போதை தராத வகையில் இதே சாற்றிலிருந்து ஒன்றைச் செய்து தரலாமா என்று அந்நாட்டவர் ஒருவர் கேட்க, கலீபா இசைந்தார்கள். சாறு அடுப்பேறியது. மூன்றில் இருபங்கு வற்றி ஒரு பங்கு எஞ்சும் வரை காய்ச்சப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் விரலை இட்டு உயர்த்தினார்கள். குழம்பு நூலாய் நீண்டு வந்தது. ஒட்டகத்துக்குப் பூசும் களிம்பு போலிருக்கிறதே என்று கூறி அதனை அனுமதித்தார்கள். உபாதா (ரலி) அவர்கள், விலக்கப்பட்டதை ஆகுமாக்கி விட்டீரே என்று அங்கேயே எதிர்த்துரைத்தார்கள். அல்லாஹ் விலக்கிய எதையும் தாம் ஆகுமாக்கவில்லை என்று கலீபா இறைவனைச் சாட்சி வைத்துக் கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இச்செய்தியைப் பாதுகாத்துள்ளது.

ஆட்சித் தலைவரிடம் நேருக்கு நேர் நின்று கேட்ட அந்தத் துணிவும், அதற்குச் சினவாது விடையிறுத்த அந்தப் பணிவும் ஒருபுறமிருக்க, அடுப்பின் மேல் நடந்ததைப் பார்ப்போம். கொதிநிலை ஈஸ்டைக் கொன்றுவிடுகிறது. வற்றிய குழம்பில் சர்க்கரை செறிந்துவிடுவதால் புதிதாக வந்து விழும் ஈஸ்டும் அதில் வளர வழியின்றி ஒடுங்குகிறது. எனவே அது மாதக்கணக்கில் கெடாது நிற்கும். இன்றும் ஷாமிலும் துருக்கியிலும் திப்ஸ், பெக்மெஸ் என்ற பெயர்களில் வழங்கும் திராட்சைப் பாகு இதே குலத்தது.

உரோமானியரும் சாற்றைக் காய்ச்சி வற்றச் செய்ததுண்டு. மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதைச் சப்பா என்றனர். ஆனால் அவர்களின் வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா அதனைக் காய்ச்ச ஈயம் பூசிய கொப்பரையைப் பரிந்துரைத்தார். புளிப்புச் சாறு ஈயத்தைக் கரைத்து உடலுக்குள் சேர்க்கும் நஞ்சு என்பதை அக்காலம் அறியவில்லை. சேமிக்கும் கலையில் பாத்திரத்தைப் பற்றிய அறிவு எத்துணை முதன்மையானது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

நம் பனைநாட்டில் இந்த வரலாறு வேறு உருவில் நிகழ்ந்தது. இராமநாதபுரத்துக் கடற்கரையிலும் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டிலும் பனையேறுவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதனீர். சுண்ணாம்பின்றிக் கட்டினால் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, கலயமும் ஒன்று. இடையில் நின்று பிரிப்பது சுண்ணாம்பு. அதன் காரத்தன்மை ஈஸ்டை அடக்கி வைக்கிறது. அந்தப் பதனீரையே காய்ச்சி வற்றச் செய்தால் கருப்பட்டி. ஷாமின் அடுப்பில் நடந்ததும் நம் பனங்காட்டு அடுப்பில் நடப்பதும் ஒரே தத்துவமே.

காடியும் சட்டமும்

மது தன் தங்குமிடத்தைக் கடந்து காடியாகிவிட்டால் என்ன சட்டம்? காடி நல்லதொரு குழம்பு என நபியவர்கள் பாராட்டியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கின்றார்கள். மனிதக் கை படாமல் மது தானே காடியாக மாறினால் அது தூயது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. எதையேனும் இட்டு வலிந்து காடியாக்கினால்? ஹனஃபி அறிஞர் அதனை ஏற்றனர். ஷாஃபியி அறிஞர் ஏற்கவில்லை. மதுவைக் காடியாக்கலாமா என்று கேட்கப்பட்டபோது நபியவர்கள் மறுத்த செய்தி ஷாஃபியி தரப்பின் ஆதாரம். பொருளின் தன்மை மாறினால் சட்டமும் மாறும் என்ற பொதுவிதி ஹனஃபி தரப்பின் ஆதாரம். இரு மத்ஹபினரும் தோளோடு தோள் நின்று தொழும் நம் தமிழகத்தில் இவ்வேறுபாட்டின் வேரை அறிந்திருப்பது பகைமையைக் குறைக்கும்.

நபீதைப் பற்றியும் நெடிய வாதம் நடந்தது. கூஃபா நகரத்து அறிஞர் சிலர், திராட்சை மது தவிர்த்த பிற பானங்களில் போதை தரும் அளவே விலக்கப்பட்டது என்றனர். ஹிஜாஸ் அறிஞரோ, மிகுதியாய் அருந்தினால் போதை தருவது எதுவோ அதில் ஒரு மிடறும் கூடாது என்றனர். ஹனஃபி மத்ஹபினுள்ளேயே இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் இப்பிற்கருத்தையே கொண்டார்கள். பிற்கால ஹனஃபி அறிஞரின் தீர்ப்பும் அதன்மீதே நிலைத்தது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), இப்னு குதைபா போன்றோர் பானங்களைப் பற்றியே தனி நூல் இயற்றினர் என்பதிலிருந்து இவ்வாதத்தின் கனத்தை உணரலாம். திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை என ஐந்தையும் எண்ணிக்காட்டி, அறிவை மறைப்பதெல்லாம் மதுவே என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று மொழிந்த கருத்தே இறுதியில் வென்றது.

கண்ணாடியும் தக்கையும்

உரோமப் பேரரசு வீழ்ந்த பின் ஐரோப்பாவில் அம்போரா மறைந்தது. மரப் பீப்பாய் வந்தது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்றுப் புகும். பீப்பாய் பாதி காலியானால் மது விரைவில் புளிக்கும். ஆகவே இடைக்கால ஐரோப்பாவில் புதிய மதுவுக்கே விலை அதிகம். பிரான்சின் போர்டோ துறையிலிருந்து புது மது ஏற்றிய கப்பல்கள் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்து வந்தடைந்ததும் சென்ற ஆண்டின் மது மதிப்பிழந்தது. பழைமையே சிறப்பு என்னும் எண்ணம் உலகில் எக்காலத்தும் நிலவிய ஒன்றன்று.

அதனை மாற்றியது ஒரு விறகுப் பஞ்சம் எனலாம். கப்பல் கட்ட மரம் வேண்டியதால் கண்ணாடி உலைகளில் விறகெரிக்கக் கூடாது என்று இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1615இல் ஆணையிட்டார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. வெப்பம் கூடியது, கண்ணாடி உறுதியாயிற்று. உறுதியான குப்பியும் அதன் வாயை இறுக அடைக்கும் தக்கையும் இணைந்தபோது மதுவை ஆண்டுக்கணக்கில் வைப்பது மீண்டும் இயல்வதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் குப்பியின் வடிவம் உருளையாக நீண்டது; படுக்க வைத்தால் தக்கை ஈரமாகவே இருந்து, சுருங்காமல் காற்றைத் தடுத்தது.

அதன் பின்னரே இன்றைய கணக்குகள் தோன்றின. பிரான்சின் பொழலே பகுதியில் அறுவடையான ஆண்டின் நவம்பர் மாதமே விற்பனைக்கு வரும் புது மது சில மாதங்களுக்குள் தீர்ந்துவிட வேண்டியது. போர்டோவின் உயர்ந்த செம்மது பல பத்தாண்டுகள் நிற்கும். ஆல்கஹாலை மேலும் சேர்த்து வலுவூட்டிய போர்த்துக்கீசிய மதுவும், கப்பலின் வெப்பத்தில் வெந்து பழகிய மதீரா தீவின் மதுவும் அதனினும் நெடுங்காலம் தாங்கும்; நூறாண்டு கண்ட மதீரா மது உண்டு. புளிப்பு, துவர்ப்பு, சர்க்கரை, ஆல்கஹால் ஆகிய நான்கும் காவலர்கள்; வெப்பம், வெளிச்சம், காற்று ஆகிய மூன்றும் பகைவர்கள். காவலர் மிகுந்த மது நெடுநாள் நிற்கும். குறைந்தது விரைவில் வீழும். இன்று உலகில் உருவாகும் மதுவில் மிகப்பெரும் பகுதி ஓரிரு ஆண்டுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுவது. அந்தக் குப்பியையும் திறந்துவிட்டால் அதற்குச் சில நாள்களே ஆயுள். அந்த இடத்தில் அவர்களின் கணக்கும் மதீனத்துத் தோற்பையின் கணக்கும் ஒன்றாகிவிடுவதைக் காண்கிறோம்.

பழைமைக்கு விலை வைக்கும் மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு செய்தி. 1985ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் 1787ஆம் ஆண்டின் மது எனக் கூறப்பட்ட ஒரேயொரு குப்பி 1,05,000 பவுனுக்குப் போயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜெஃபர்சனின் உடைமை அது என்று நம்பப்பட்டது. பின்னாளில் அந்தக் குப்பியின் உண்மையின் மேலேயே ஐயம் எழுந்து, அதே தொகுதியைச் சேர்ந்த பிற குப்பிகளைப் பற்றி வழக்குமன்றம் வரை சென்றது. எத்தனையோ குடும்பங்களின் வாழ்நாள் உழைப்புக்கு ஈடான தொகை, எவரும் அருந்தாத ஒரு குப்பிக்காகச் செலவாயிற்று.

விடை கிடைத்த நாள்

சாறு ஏன் மாறுகிறது என்ற அடிப்படை வினாவுக்கு விடை 19ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. பிரெஞ்சு மது ஏற்றுமதியில் கெட்டுப்போவதைக் கண்டு கவலைகொண்ட மூன்றாம் நெப்போலியன் 1863இல் லூயி பாஸ்டரிடம் ஆராயச் சொன்னார். நுண்ணுயிர்களே காரணம் என்று பாஸ்டர் காட்டினார். ஐம்பது முதல் அறுபது பாகை வெப்பம் வரை மதுவைச் சூடாக்கினால் அது கெடாது நிற்கும் என்று கண்டு, 1866இல் நூலாக வெளியிட்டார்.

மதுவைக் காக்கக் கண்ட அந்த உபாயத்தை மதுவைத் தவிர்க்கப் பயன்படுத்தினார் ஓர் அமெரிக்கப் பல்மருத்துவர். மது விலக்கில் பற்றுகொண்ட கிறித்தவரான தாமஸ் வெல்ச், தம் தேவாலயச் சடங்குக்குப் போதையற்ற திராட்சைச் சாறு வேண்டுமென்று 1869இல் புதிய சாற்றைக் குப்பியில் அடைத்துச் சூடாக்கினார். சாறு சாறாகவே நின்றது. இன்று கடைகளில் நாம் வாங்கும் பழச்சாறு அந்த முயற்சியின் வழித்தோன்றலே. மூன்று நாள் என்ற எல்லையை மாதங்களாக நீட்டித் தந்தது வெப்பம். ஆனால் மூடி திறந்த கணத்திலிருந்து பழைய எல்லை மீண்டும் உயிர்பெற்று விடுகிறது. அதனாலேயே திறந்தபின் சில நாள்களுக்குள் அருந்துக என்று உறையின் மேல் அச்சிடுகின்றனர்.

நம் வீட்டு அடுக்களையில்

நோன்பு காலத்தில் பேரீச்சையையும் உலர்திராட்சையையும் ஊறப்போடும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. குளிர்பதனப் பெட்டி வந்தபின் காலத்தைப் பற்றிய கவனம் நம்மிடம் தளர்ந்துவிட்டது. குளிர்ச்சி ஈஸ்டைக் கொல்வதில்லை, மந்தப்படுத்துகிறது. மின்சாரம் நின்ற ஒரு சித்திரைப் பகலில் அந்த மந்தம் தெளிந்துவிடும். நுரை கட்டினால், மூடியைத் திறக்கும்போது வாயு சீறினால், இனிப்பில் ஒரு காரம் ஏறினால், அதுவே தோற்பை உப்பிய அடையாளம். அப்போது தயங்காமல் கொட்டிவிடுவதே மூன்றாம் நாள் மாலையின் வழிமுறை. பழவகைகள் இரண்டைக் கலந்து ஊறப்போடுவதை நபியவர்கள் தவிர்க்கச் சொன்னதற்கும், கலந்தவை விரைந்து மாறும், சுவையில் தெரியுமுன்பே போதை புகுந்துவிடும் என்பதையே விரிவுரையாளர் காரணமாகக் கூறினர்.

இந்த எல்லைகளை நமக்குச் சொல்லித் தந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ஆய்வுக்கூடம் எதுவும் அன்று இல்லை. ஒரு தோற்பையின் வாயைக் கட்டி வைத்து, காலையும் மாலையும் கணக்கிட்ட ஓர் அன்னையின் கண்ணும் நாவுமே ஆய்வுக்கூடம். அவர்கள் கண்டு சொன்னதை அறிஞர் கேட்டுப் பதிந்தனர்; அதன்மேல் சட்டம் எழுந்தது. அடுக்களை அறிவு என்று நாம் ஏளனமாய் ஒதுக்குவது எதுவோ அது மார்க்கச் சட்டத்தின் ஒரு தூணாக நின்றிருக்கிறது.

பெயரை மாற்றி மதுவை அருந்தும் ஒரு கூட்டத்தார் தோன்றுவர் என்று நபியவர்கள் எச்சரித்ததாக ஹதீஸ் உண்டு. உறையின் வண்ணமும் பெயரின் அழகும் நாளுக்கு நாள் மாறும் இக்காலத்தில், உள்ளிருக்கும் பொருள் என்ன, அது எதிலிருந்து வந்தது, எத்தனை நாளாயிற்று என்று கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். பாத்திரத்தைப் பார்த்து மயங்காமல் பொருளைப் பார்த்துத் தெளியும் அறிவை மதீனா தந்து சென்றது. உலகம் இருநூறு ஆண்டுச் சாடியை எண்ணிப் பெருமை கொள்ளட்டும்; நாம் மூன்றாம் நாள் மாலையைக் கணக்கிடத் தெரிந்தவர்களாய் இருப்போம்.